ரோல்பிளேயிங் கேம் இதழ்கள் இனி பிழைக்குமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறவர்கள் முன்பைவிட அதிகம் என்கிறார்கள். பிறகு ஏன் அதற்கான இதழ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகின்றன? நானும் இரண்டு நண்பர்களும் ஒன்று தொடங்கலாம் என்றிருக்கிறோம். வீண் வேலையா?"

வீண் வேலை இல்லை. ஆனால் மாதாமாதம் வந்து, செய்தி, விமர்சனம், விளம்பரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இருபது வருடம் நிற்கிற இதழைக் கனவு கண்டால் அது நடக்காது. எட்டு இதழ் போடுவோம், பிறகு நாமே நிறுத்துவோம் என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டு இறங்கினால் நடக்க வாய்ப்பு உண்டு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, சேர்ந்து ஒரு கதையை நடத்துவதுதான் ரோல்பிளேயிங் கேம். கேம் மாஸ்டர் என்று ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்வார். இதில் ஒரு வினோதம் உண்டு. சதுரங்கப் பலகை வாங்கினால் விளையாட்டு முழுதாகக் கைக்கு வந்துவிடும். இங்கே விதிப்புத்தகம் வாங்கினால் பாதிதான் வந்திருக்கும். அடுத்த வாரம் வீரர்கள் போகப்போகும் குகை எது, அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை யாராவது புதிதாக யோசித்தாக வேண்டும். வாராவாரம். அந்தத் தீராப் பசிக்குத் தீனி போடத்தான் இதழ்கள் பிறந்தன.

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாயான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974இல். அடுத்த வருடமே அதன் பதிப்பாளரான டிஎஸ்ஆர், 'ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' என்று சில பக்கச் செய்திமடல் போட்டது. ஏழு இதழ்தான். 1976 ஜூனில் அதன் இடத்தில் 'டிராகன்' வந்தது. முதல் ஆசிரியர் டிம் காஸ்க். பிரிட்டனில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் கூட்டணியின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1977இல் 'ஒயிட் டுவார்ஃப்' தொடங்கியது. கம்பெனிச் சார்பே இல்லாமல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 1975 ஜூனிலேயே 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' தொடங்கியிருந்தார். அவரைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்தவர் அவர்தான்.

அந்த இதழ்கள் என்ன செய்தன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டைப் பலர் ஆடியிருப்பீர்கள். அதில் லேசெல் என்று தவளைப் பச்சை நிறத்தில் ஒரு கோபக்காரி வருவாள். அவள் கித்யாங்கி இனம். அந்த இனத்தை உருவாக்கியவர் சார்லஸ் ஸ்ட்ராஸ். பின்னாளில் ஹ்யூகோ விருது வாங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர். அவர் கித்யாங்கியை எழுதி அனுப்பியபோது பதின்ம வயதுப் பையன். ஒயிட் டுவார்ஃபில் 'ஃபீண்ட் ஃபாக்டரி' என்று ஒரு பகுதி இருந்தது. வாசகர்கள் தாங்கள் கற்பனை செய்த அரக்கர்களை அனுப்பலாம். டான் டர்ன்புல் அவற்றைப் பொறுக்கி எடுத்துச் செப்பனிட்டுப் போடுவார். அப்படிச் சேர்ந்தவற்றில் பல 1981இல் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்ற அதிகாரபூர்வப் புத்தகத்துக்குள் போயின. அதன் அட்டையிலேயே கித்யாங்கிதான்.

அதே விளையாட்டு நடக்கும் உலகத்துக்கு ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்று பெயர். அது எட் கிரீன்வுட் என்ற கனடா நாட்டு நூலகருடையது. சிறுவயதிலிருந்தே தனக்காக அவர் கட்டிவந்த உலகம். 1979இலிருந்து டிராகன் இதழில் கட்டுரை கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மந்திரப் புத்தகத்தையோ சாபத்தையோ விவரிக்கும்போது ஓரமாக ஓர் ஊர்ப்பெயர், ஒரு மந்திரவாதியின் பெயர் விழும். வருடக்கணக்கில் இப்படிச் சொட்டுச் சொட்டாக விழுந்ததைப் பார்த்துத்தான் டிஎஸ்ஆர் அவரிடமிருந்து அந்த உலகத்தை வாங்கி 1987இல் வெளியிட்டது.

ஆக, கோடிக்கணக்கில் பணம் புரளும் இன்றைய விளையாட்டில் உலகம் ஓர் இதழிலிருந்து வந்தது. அதில் உலவும் ஓர் இனம் இன்னோர் இதழிலிருந்து வந்தது. இரண்டையும் எழுதியவர்கள் அன்று யாருக்கும் தெரியாதவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, ஏன் மூடின? இணையம் வந்தது, இதழ் செத்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. இணையத்துக்கு முன்பே இந்த இதழ்களுக்கு ஒரு பிறவிக்கோளாறு இருந்தது: பெரிய இதழ்கள் எல்லாம் விளையாட்டுக் கம்பெனிகளின் வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்காரர் எப்போது மனம் மாறுவார் என்று தெரியாது. ஒயிட் டுவார்ஃப் எல்லா விளையாட்டுகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. 1980களின் இறுதியில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் வார்ஹாமர் பொம்மைப் படைகளே போதும் என்று முடிவு செய்தது. அதோடு ரோல்பிளேயிங் வாசகனுக்கு அந்த இதழில் வேலை இல்லாமல் போயிற்று. இதழ் மட்டும் இன்றும் வருகிறது. தன் சரக்கை விற்கும் அழகான பட்டியலாக இருப்பதால் அதற்கு ஆயுள் கெட்டி. வீட்டுப் பிள்ளையாக இல்லாமல் பெரிய பதிப்பகத்திலிருந்து வந்த 'ஆர்கேன்' எத்தனை நாள் நின்றது? 1995 முதல் 1997 வரை, 20 இதழ். நன்றாக எழுதப்பட்ட இதழ் அது. இந்தச் சிறிய துறையின் விளம்பரத்தை மட்டும் நம்பிக் கடைகளில் தொங்கும் மாத இதழைக் கட்டிக்காக்க முடியவில்லை.

டிராகனின் முடிவுதான் இதில் பாடமே. 1997இல் டிஎஸ்ஆர் கடனில் மூழ்கி, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டுக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தத் தடுமாற்றத்தில் டிராகன் சில மாதங்கள் வெளிவரவே இல்லை. 2002இல் விசர்ட்ஸ் தன் இதழ்ப் பிரிவை வேண்டாம் என்று விட்டபோது, அங்கே இருந்தவர்கள் வெளியே வந்து பைசோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, டிராகனையும் அதன் தம்பி 'டன்ஜன்' இதழையும் உரிமம் வாங்கி நடத்தினார்கள். டன்ஜன் 1986இலிருந்து முழுக்க முழுக்கச் சாகசக் கதைத்திட்டங்களையே வெளியிட்டுவந்த இதழ். 2003இல் அதில் ஒரு புது யோசனையைச் சோதித்தார்கள்: ஒரே கதையைப் பாகம் பாகமாக ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துச் செல்வது. தொடர்கதை மாதிரிதான், வாசிப்பதற்குப் பதில் ஆடுவதற்கு. அட்வென்ச்சர் பாத் என்று பெயர் வைத்தார்கள். நன்றாக ஓடியது.

2007இல் விசர்ட்ஸ் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. இனி இணையத்தில் நாங்களே நடத்துகிறோம் என்றது. செப்டம்பரில் டிராகன் 359ஆம் இதழோடும் டன்ஜன் 150ஆம் இதழோடும் அச்சில் முடிந்தன. பைசோ செய்தது சாமர்த்தியம். மீதிச் சந்தாப் பணம் பாக்கியிருந்த வாசகர்களிடம், அதை 'பாத்ஃபைண்டர்' என்ற எங்கள் புது மாத வெளியீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அது என்ன? டன்ஜனில் சோதித்த அதே தொடர்கதை, புத்தகம் போல் 96 பக்கம், விளம்பரம் இல்லை, புத்தக விலை. இரண்டு வருடத்தில் அதன் மேல் ஒரு முழு விளையாட்டையே கட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கே போட்டியாக நின்றார்கள். இதழ் நடத்தியவர்களிடம் மிச்சமிருந்த உண்மையான சொத்து சந்தாதாரர் பட்டியலும் எழுத்தாளர் பட்டியலும்தான் என்பது விசர்ட்ஸுக்கு அப்போது உறைக்கவில்லை போலும்.

இணையத்துக்குப் போன டிராகன் என்ன ஆயிற்று? மாதச் சந்தாச் சேவை ஒன்றின் உள்ளே கட்டுரைகளாக வந்தது. 2013 டிசம்பரில் நின்றது. பிறகு அந்தச் சேவையையும் இழுத்து மூடினார்கள். 2015இல் 'டிராகன் பிளஸ்' என்று கைபேசிச் செயலியாக மறுபிறவி எடுத்து 2022இல் அதுவும் முடிந்தது. 1980ஆம் ஆண்டு டிராகன் பிரதி பழைய புத்தகக் கடையில் இன்றும் கிடைக்கும், மை கூட மங்கியிருக்காது. 2011ஆம் ஆண்டுக் கட்டுரை வேண்டுமென்றால் யாராவது சேமித்து வைத்திருந்தால் உண்டு. கிண்டலுக்குச் சொல்லவில்லை, இதழ் தொடங்குகிறவர் அச்சா இணையமா என்று யோசிக்கும்போது செலவை மட்டும்தான் பார்க்கிறார். முப்பது வருடம் கழித்து ஒருவன் தேடினால் கிடைக்குமா என்பதையும் பார்க்கலாம்.

நியாயமாகச் சொன்னால், மின்னிதழ் எல்லாமே இப்படி அற்பாயுளில் போகவில்லை. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் 'பிரமிட்' 1993இல் அச்சில் தொடங்கி, 1998இல் இணைய வார இதழாகி, 2008இல் மாதாந்திர பிடிஎஃப் ஆகி, 2018இல் நின்றது. இருபத்தைந்து வருடம், மூன்று உடல். (இந்த ஸ்டீவ் ஜாக்சன் அமெரிக்கர்; மேலே சொன்னவர் பிரிட்டிஷ்காரர். இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும்.) பிடிஎஃப் காலத்தில் ஒவ்வொரு இதழும் ஒரே பொருளில் அமைந்த குட்டிப் புத்தகம் போல இருந்ததால் பழைய பிரதிகள் தனியாகவும் விலைபோயின. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதழ் சுமந்த சுமைகளை ஒவ்வொன்றாக யார் இறக்கி வாங்கிக்கொண்டார்கள் என்று பார்த்தால் படம் தெளியும். செய்தி அன்றன்றே இணையத்தில் வந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து அச்சில் படிக்க யாருமில்லை. விமர்சனத்தைக் காணொளிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். விதிச் சந்தேகத்தை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்டு இரண்டு மாதம் காத்திருந்த காலம் போய், இரண்டு நிமிடத்தில் நாலு பேர் பதில் சொல்கிறார்கள், அதில் மூன்று தப்பாக இருந்தாலும். மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் ஆசையை 2015இல் தொடங்கிய 'கிரிட்டிகல் ரோல்' போன்ற நேரலைகள் தீர்க்கின்றன. அதற்கு முன்னோடிகூட ஓர் இதழ்தான்: 1986இல் ஜப்பானின் 'கம்ப்டிக்' இதழ் ஒரு குழு ஆடியதை அப்படியே வசனமாக எழுதித் தொடராகப் போட்டது. நாவலாகவும் அனிமேயாகவும் வந்த 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்' அதிலிருந்து கிளம்பியது.

சாகசக் கதைத்திட்டங்களுக்குச் சந்தைத் தளங்கள் வந்துவிட்டன. 2016இல் வந்த டிஎம்ஸ் கில்டில் யார் வேண்டுமானாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு எழுதிப் பதிவேற்றலாம். விற்ற தொகையில் பாதி எழுதியவருக்கு. மாதக்கணக்கில் ஆசிரியரின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், 'பிரசுரிக்க இயலவில்லை' என்ற கடிதமும் வராது.

எனக்கு அந்தத் திருப்பி அனுப்பும் கடிதம்தான் இழப்பாகத் தெரிகிறது. முன்பு ஒரு சின்ன இதழுக்கு நான் எழுதி அனுப்பிய சாகசத்தை அதன் ஆசிரியர் மூன்று முறை திருப்பினார். முதல் முறை, "முதல் மூன்று பக்கம் யாருக்காக?" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த மூன்று பக்கமும் நான் கஷ்டப்பட்டு எழுதிய ராஜ பரம்பரை வரலாறு. வீரர்கள் யாருக்கும் அது தெரியவே போவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சந்தைத் தளமாக இருந்திருந்தால் அந்த வரலாறு அப்படியே ஏறியிருக்கும். ஏழெட்டுப் பேர் வாங்கி, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார்கள்.

இணையம் வாங்கிக்கொள்ளாத ஒரே சுமை அதுதான்: நூறில் ஐந்தைப் பொறுக்கி, அந்த ஐந்தையும் திருத்தி, பேர் தெரியாத ஒருவனை ஆயிரம் பேர் முன் நிறுத்தும் வேலை. கிரீன்வுட்டுக்கும் ஸ்ட்ராஸுக்கும் நடந்தது அதுதான். அந்த வேலை இன்றும் தேவைப்படுகிறது. சரக்கு குவியக் குவிய இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. பிரச்சினை, அதற்குச் சம்பளம் கொடுக்க வழி இல்லாததுதான். முன்பு விளம்பரமும் செய்தியும் சேர்ந்து சம்பாதித்த பணத்தில் ஆசிரியர் பிழைத்தார். அவை போனபின் அவர் நடுத்தெருவில் நிற்கிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நன்றாக நடக்கிற இதழும் இதழாக நீடிப்பதில்லை. டிராகன் அச்சில் நின்ற அதே 2007இல் வுல்ஃப்கேங் பாவர் 'கோபோல்ட் குவாட்டர்லி' தொடங்கினார். பழைய டிராகன் வாசகர்கள் திரண்டு வந்தார்கள், விருதுகள் வந்தன. 23 இதழோடு 2012இல் நிறுத்திவிட்டார். கூடவே வளர்ந்த கோபோல்ட் பிரஸ் இன்று பெரிய பதிப்பகம். பைசோவும் அந்த வழியில்தான் போயிற்று. கணக்கு எளிது: இதழுக்கும் புத்தகத்துக்கும் உழைப்பு ஏறத்தாழ ஒன்று, இதழ் அடுத்த இதழ் வந்ததும் பழசு, புத்தகம் ஐந்து வருடம் விற்கும். நல்ல எழுத்தாளர்களும் வாசகர்களும் சேர்ந்துவிட்டால், புத்தி உள்ள எவரும் புத்தகத்துக்குத்தான் போவார். இந்தத் துறையில் இதழ் என்பது பதிப்பகத்தின் குழந்தைப் பருவம். அதை ஒப்புக்கொண்டால் நிறுத்துவதைத் தோல்வியாக நினைத்து மருகத் தேவையில்லை.

இப்போது சிற்றிதழ்கள் பெருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிக்ஸ்டார்ட்டர் தளம் 2019 பிப்ரவரியில் 'ஸீன்குவெஸ்ட்' என்று ஒரு மாத விழாவைத் தொடங்கியது. மடித்து ஊசி போட்ட சின்னப் பிரதிகளுக்கு முன்பணம் திரட்டும் விழா. அது இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. முன்பணம் வந்தபின் அத்தனை பிரதிதான் அச்சு. விற்காமல் திரும்பி வரும் கட்டுகளை ஏற்றுக்கொள்ளும் நிர்ப்பந்தம் இல்லை. கடை வழி விற்பனையில் இதழ்களைக் கொன்ற முக்கிய வியாதி அந்தத் திரும்பும் பிரதிகள்தான். ஆனால் 2022இல் தளம் தன் வசதிக்கு விழாவை ஆகஸ்டுக்கு மாற்றியது. பிப்ரவரியை நம்பி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தவித்து, தாங்களாகவே வேறு பெயரில் பிப்ரவரியைக் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் தளம் பழைய மாதத்துக்கே திரும்பியது. வீட்டுக்காரர் மாறினாரே தவிர குடித்தனம் பழையதுதான்.

அந்தச் சிற்றிதழ்களில் பெரும்பாலானவை ஒரே இதழோடு முடிபவை. சின்னப் புத்தகங்கள் என்பதே சரி. தொடர்ந்து வருகிற இதழுக்கென்று ஒரு குணம் உண்டு: மூன்றாம் இதழில் ஒருவர் எழுதியதை நான்காம் இதழில் ஒருவர் மறுப்பார், ஐந்தாம் இதழில் மூன்றாமவர் இருவரையும் கேலி செய்துவிட்டு வேறு நல்ல வழி சொல்வார். அந்த உரையாடலைத்தான் லீ கோல்ட் நடத்தினார். அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் ஒரு கூட்டு இதழ். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தன் பக்கங்களைத் தானே எழுதி அனுப்புவார். லீ கோல்ட் அதைத் தொகுத்து எல்லாருக்கும் அனுப்புவார். அடுத்த மாதம் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதியதற்குப் பதில் எழுதுவார்கள். விளம்பரம் இல்லை, லாபம் இல்லை, தாளும் தபாலும் கட்டுப்படியானால் போதும். டிராகன் போனது, பிரமிட் போனது, இது 1975இலிருந்து 2025 வரை நின்றது. 590 இதழுக்கு மேல். இந்தத் துறையின் மிக நீண்ட ஆயுள், வியாபாரமே செய்யாத ஓர் இதழுக்கு வாய்த்திருக்கிறது. அவர் ஓய்வு பெற்றதும் அதுவும் முடிந்தது.

ஆங்கிலத்துக்கு வெளியே நிலைமை சற்று வேறு. பிரான்சின் 'காஸஸ் பெல்லி' 1980இல் தொடங்கி 1999இல் மூடி, கை மாறிக் கை மாறி உயிர்த்தெழுந்து, 2011இலிருந்து ஒரு விளையாட்டுப் பதிப்பகத்தின் துணையோடு நடக்கிறது. இப்போது அது தடித்த புத்தக வடிவில் வரும் இதழ். சொந்த மொழியில் எழுத ஆள் குறைவாக இருக்கும் இடத்தில், பொறுக்கித் திருத்தித் தருகிறவருக்கு மதிப்புக் கூடுதல்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு இதழ் என்று அறிவித்துவிடுங்கள், எட்டுக்கும் சேர்த்து அல்லது இரண்டு தவணையில் பணம் வாங்குங்கள். செய்தியும் விமர்சனமும் வேண்டாம். ஒவ்வொரு இதழுக்கும் ஒரே பொருள்: கடல், திருடர்கள், பஞ்சம், எதுவோ. மூன்று வருடம் கழித்தும் தனிப்பிரதி விற்கும். ஒரே கம்பெனியின் விளையாட்டை மட்டும் நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் விசர்ட்ஸ், தன் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த விட்டிருந்த திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்தபோது அதை நம்பியிருந்த பதிப்பாளர்கள் எப்படி அலறினார்கள் என்று பார்த்தோம். கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும் அந்த மாதம் தூங்காதவர்கள் பலர்.

எழுதுகிறவருக்குச் சிறு தொகையாவது கொடுங்கள், எந்த உரிமையை வாங்குகிறீர்கள் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1999இல் டிராகனின் முதல் 250 இதழ்களைக் குறுந்தகட்டில் போட்டபோது, அச்சுக்கு மட்டும்தானே கொடுத்தோம் என்று எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் இதே வகைக் கேள்விக்கு எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூன்று நண்பர்கள் நடத்தும் இதழுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எட்டையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடலாம் என்ற ஆசை வரும்போது தெரியும்.

வாசகர் கடிதத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் இதழில் ஒரு கடிதமும் வராது, அந்த இரண்டு பக்கத்தை உங்கள் மூவரில் ஒருவர் மற்ற இருவரோடு சண்டை போட்டு நிரப்பலாம்.